செட்டில்மென்ட் ஆகிவிட்டது என்கிறார்கள், ஹியரிங் மட்டும் வாய்தாவுக்கு மேல் வாய்தா. நடுவில் என்ன நடக்கிறது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். 2016லிருந்து 2020 வரை கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். வாரத்துக்கு 55 மணி நேரம் வேலை, சம்பளம் 40 மணி நேரத்துக்கு. கூட வேலை பார்த்த சிலர் எங்கள் எல்லோருக்காகவும் சேர்த்து ஃபெடரல் கோர்ட்டில் கிளாஸ் ஆக்‌ஷன் போட்டார்கள். நான் ஊர் திரும்பி இப்போது கோவையில் இருக்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் மத்தியஸ்தர் வைத்துப் பேசி இரண்டு தரப்பும் செட்டில்மென்டுக்கு ஒத்துக்கொண்டதாகப் பழைய நண்பர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. இரண்டு மாதத்தில் செக் வந்துவிடும் என்றார்கள். அதை நம்பி வீட்டு மாடி வேலையைத் தொடங்கினேன், பாதியில் நிற்கிறது. கோர்ட் பதிவேட்டை ஒரு நண்பர் எடுத்து அனுப்பினார். முதலில் "எல்லாத் தேதிகளும் ரத்து" என்று ஒரு வரி. அப்புறம் முதற்கட்ட ஒப்புதலுக்கு ஒரு ஹியரிங் தேதி. அது தள்ளிப் போயிருக்கிறது. மறுபடியும் தள்ளிப் போயிருக்கிறது. போன வாரம் "ஹியரிங் ரத்து" என்று ஒரே வரி. கேஸே போய்விட்டதா? என்னுடைய பழைய வாடகை வீட்டு விலாசம்தான் அவர்களிடம் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாக்கெட் அக்கா:

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். ஹியரிங் ரத்து என்றால் கேஸ் ரத்து என்று அர்த்தம் இல்லை. அந்தத் தேதியைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஓக்லண்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் பதினான்கு வருஷமாக பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளராக இருக்கிறேன். என் வேலையே தேதிகள்தான். ஜட்ஜ் காகிதங்களைப் படித்துவிட்டு, நேரில் வாதம் வேண்டாம், எழுத்திலேயே உத்தரவு போடுகிறேன் என்று முடிவு செய்தாலும் இப்படித்தான் வரும். இரண்டு தரப்பிடமும் இன்னும் சில கணக்கும் விளக்கமும் கேட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். அதற்கு முன்னால் வந்த உத்தரவைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

செட்டில்மென்ட் "ஆகிவிட்டது" என்று வாட்ஸப்பில் சொன்னார்கள் பாருங்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பம். சாதாரண கேஸில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கிளாஸ் ஆக்‌ஷனில் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் சில பேர், அது கட்டுப்படுத்தப்போவது உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களை. அதனால் ஃபெடரல் சிவில் விதி 23 ஜட்ஜை நடுவில் நிறுத்துகிறது. முதலில் முதற்கட்ட ஒப்புதல். அது கிடைத்த பிறகுதான் உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸைப் படித்து, விலகுகிறவர்கள் விலகலாம், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம். அதற்கெல்லாம் பிறகு இறுதி ஒப்புதல். பணம் அதற்கும் அப்பால்.

முன்பெல்லாம் முதற்கட்டத்தை மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடுகிற ஜட்ஜ்கள் நிறைய இருந்தார்கள். 2018 டிசம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தம் அதை இறுக்கிவிட்டது. கடைசியில் இதை ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று ஜட்ஜுக்கு இப்போதே காட்ட வேண்டும். காட்டத் தவறினால் நோட்டீஸே அனுப்ப முடியாது. ஆகவே இங்கே கேள்வி கேட்கிற ஜட்ஜ் உங்களுக்கு வேண்டிய வேலையைத்தான் செய்கிறார்.

நொய்யல்கரை:

நன்றி அக்கா, கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் "எல்லாத் தேதிகளும் ரத்து" என்று போட்டார்களே, ஒப்புதல் கிடைக்காவிட்டால் டிரயலும் இல்லாமல் செட்டில்மென்டும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குவோமா?

டாக்கெட் அக்கா:

இல்லை. மறுபடி பழைய இடத்திலிருந்து கேஸ் ஓடும். ஜட்ஜ் புதுத் தேதிகள் போடுவார்.

இந்த இடைவெளியைப் பற்றி நான் இங்கே சத்தமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஒரு தடவை பட்டிருக்கிறேன். அப்போது நான் வேறொரு ஆபீசில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு சம்பளக் கேஸில் சமரசம் ஆனதும் இரண்டு தரப்பும் சேர்ந்து, "எல்லாத் தேதிகளையும் நிறுத்தி வையுங்கள், 45 நாளில் முதற்கட்ட ஒப்புதல் மனு போடுகிறோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆபீசில் எல்லோரும் அன்றைக்கே கேஸ் கட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். நிபுணர் அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி மூன்று வாரத்தில் இருந்தது. காலண்டரில் அதன் மேல் நானே சிவப்புக் கோடு போட்டேன். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டாரா என்று பார்க்கவில்லை. அவர் போடவில்லை. தேதிக்கு மூன்று நாள் முன்னால் கோர்ட் கிளார்க்கிடமிருந்து ஒரு வரி மெயில்: "மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. தேதிகள் அப்படியே இருக்கின்றன." நிபுணருக்குப் போன் போட்டால் அவர் மகள் கல்யாணத்தில் இருக்கிறார். மூன்று ராத்திரி ஆபீசிலேயே விடிந்தது. எப்படியோ கொடுத்துவிட்டோம்.

கோர்ட் போட்ட தேதியை மாற்ற அதே ஃபெடரல் சிவில் விதிகளில் விதி 16 தக்க காரணமும் கேட்கிறது, ஜட்ஜின் சம்மதமும் கேட்கிறது. இரு தரப்பு வக்கீல்கள் கை குலுக்கிக்கொண்டால் தேதி நகராது. அன்றிலிருந்து என் பழக்கம்: ஜட்ஜ் கையெழுத்து வரும்வரை எந்தத் தேதியையும் அடிக்க மாட்டேன். வரப்போவதாகச் சொல்லும் புதுத் தேதியைப் பென்சிலில் எழுதுவேன், உத்தரவு வந்ததும் பேனாவில். கம்ப்யூட்டர் காலண்டர் இருந்தாலும் மேஜைமேல் ஒரு தாள் காலண்டர் இதற்காகவே வைத்திருக்கிறேன்.

ஜட்ஜுக்கு ஜட்ஜ் வழக்கம் மாறும். சிலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சிலர் சாட்சி, ஆவண வேலைகளை மட்டும் நிறுத்திவிட்டு டிரயல் தேதியை விட்டுவைப்பார்கள். டிரயல் தேதி முகத்துக்கு நேராக இருந்தால்தான் இழுத்தடிக்கிறவர்கள் மனுவை நேரத்துக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் நல்லது.

மழைக்காலம்:

அக்கா, மரியாதையோடு கேட்கிறேன். இந்தத் தாமதம் கம்பெனிக்குத்தானே லாபம்? பணம் அதுவரை அவர்கள் கணக்கில்தான் கிடக்கும். வட்டி அவர்களுக்கு. இங்கே மனுஷன் பாதிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்கெட் அக்கா:

நியாயமான கோபம். பணம் கட்டும் நாள் பெரும்பாலும் ஒப்புதலோடுதான் கட்டிப்போடப்பட்டிருக்கும், அதனால் ஒவ்வொரு வாய்தாவும் அவர்களுக்கு ஒரு மாதம் சும்மா கிடைத்தது போலத்தான். ஆனால் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைக் காயக் கேஸைப் பாருங்கள். 2013 ஆகஸ்ட் கடைசியில் 76.5 கோடி டாலருக்கு சமரசம் என்று அறிவித்தார்கள். 2014 ஜனவரி 6 அன்று முதற்கட்ட ஒப்புதல் மனு. எட்டே நாளில், 14ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியா ஜட்ஜ் அனிதா பிராடி மறுத்துவிட்டார். ஓய்வு பெற்ற வீரர்கள் ஏறக்குறைய 20,000 பேர், ஒப்பந்தம் ஓட வேண்டியது 65 வருஷம். பிற்காலத்தில் நோய் வருகிறவர்களுக்கும் கொடுக்க இந்தத் தொகை போதுமா, கணக்கைக் காட்டுங்கள் என்றார். போட்டிகளை நடத்தும் லீக், அதுதான் கேஸில் எதிர்த்தரப்பு, ஜூன் 25 அன்று திரும்பி வந்தபோது நோய் இழப்பீட்டுக்கு இருந்த உச்சவரம்பே இல்லை. ஜூலை 7 அன்று முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தார். நடுவில் போனது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் நோயோடு இருந்த வீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அது எவ்வளவு நீண்ட காலம் என்று எனக்குத் தெரியும், அதைச் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியிலேயே சரி என்று தலையாட்டியிருந்தால், பதினைந்து வருஷம் கழித்து நோய் வருகிறவர் காலிப் பெட்டியைத்தான் திறந்து பார்த்திருக்கலாம்.

நீச்சல்காரி அம்மா:

நான் இந்தக் குழுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகள் டிவிஷன் 1, அதாவது விளையாட்டில் முதல் மட்டத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றில் நீச்சல் அணியில் இருந்தாள், ஸ்காலர்ஷிப் இல்லாத வாக் ஆன். கல்லூரி விளையாட்டு வீரர்களின் ஹவுஸ் கேஸ் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வருஷம் ஒட்டியிருந்தது, அதனால் சொல்கிறேன்.

அந்தக் கேஸை 2020 ஜூனில் அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ், கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ் இருவரும், வீரர்களின் பெயராலும் படத்தாலும் வரும் பணத்தில் பங்கு கேட்டு, ஓக்லண்டில் தொடங்கினார்கள். 2024 மே மாதம் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.யும் கான்ஃபரன்ஸ் எனப்படும் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளும் ஏறக்குறைய 280 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள். 2025 ஜனவரிக்கு டிரயல் வைத்திருந்த கேஸ் அது. ஜூலை 26 அன்று முதற்கட்ட ஒப்புதல் மனு. செப்டம்பர் 5 ஹியரிங்கில் ஜட்ஜ் கிளாடியா வில்கன், கல்லூரி அபிமானிகள் வீரர்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தனக்குச் சரியாகப் படவில்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்று வாரத்தில் வாசகங்களை மாற்றிக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 7 அன்று முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. ஆட்சேபத்துக்கும் விலகலுக்கும் 2025 ஜனவரி 31 கடைசி நாள், இறுதி ஹியரிங் ஏப்ரல் 7. இந்த இரண்டு தேதிகளைத்தான் நான் ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

நடுவில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அணிக்கும் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு. இறுதி ஒப்புதல் வருவதற்கு முன்னாலேயே கல்லூரிகள் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்துவிட்டன. என் மகளை ஒரு மத்தியானம் கோச் கூப்பிட்டு, அடுத்த வருஷம் இடம் இல்லை என்றார். அவள் போனில் அழவில்லை. "அம்மா, அந்த ஜட்ஜ் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே?" என்று கேட்டாள். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 23 அன்று ஜட்ஜ் எழுதிய உத்தரவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இடம் இழந்தவர்கள் விஷயத்தைச் சரி செய்யாமல் ஒப்புதல் இல்லை என்றார். முதற்கட்ட ஒப்புதலை நம்பிக் கல்லூரிகள் அவசரப்பட்டதால் வந்த குழப்பத்துக்கு அவர்களேதான் பொறுப்பு என்றார். 14 நாள் கொடுத்தார். அப்படி இடம் போனவர்களை வரம்பில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். ஜூன் 6 அன்று இறுதி ஒப்புதல். எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, "எடுத்துக்கொள்ளலாம்" மட்டும்தான். என் மகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேறு கல்லூரிக்குப் போய் இப்போது நன்றாக நீந்துகிறாள். ஆனால் அக்கா சொன்ன பென்சில் விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பேனாவில் எழுதியவர்கள் பெரியவர்கள், இடம் போனது பிள்ளைகளுக்கு.

டாக்கெட் அக்கா:

அம்மா, இதைப் படித்துவிட்டு ஆபீசில் சற்று நேரம் வேலை ஓடவில்லை. அந்தக் கேஸில் சுமார் 3,90,000 பேர். ஆட்சேபக் கடிதங்களில் நிறைய உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளும் பெற்றோரும் எழுதியவை. ஜட்ஜ் அதைப் படித்ததால்தான் ஏப்ரல் உத்தரவு வந்தது. ஜூனில் ஒப்புதல் கிடைத்த சில நாளிலேயே மேல்முறையீடும் போனது, பழைய வருஷங்களுக்கான பணம் அங்கே நின்றது. தம்பி, இறுதி ஒப்புதலே கடைசிப் படி என்று நினைத்து மாடிக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மதுரை வக்கீல்:

அக்கா தெளிவாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வாய்தா என்றாலே நமக்கு எரிச்சல் வரும், இருபது வருஷமாக நான் அதில்தான் வாழ்கிறேன். ஆனால் வாய்தாவே இல்லாமல் முடிந்த ஒரு சமரசத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

1989 பிப்ரவரி 14. உச்ச நீதிமன்றத்தில் அன்று இருந்தது போபால் விஷவாயுக் கேஸில் இடைக்கால நிவாரணம் பற்றிய மேல்முறையீடுகள். அதன் நடுவிலேயே 47 கோடி டாலருக்கு மொத்த கேஸையும் முடித்து உத்தரவு போட்டார்கள். கிரிமினல் வழக்குகளும் சேர்ந்து முடிந்தன. 1985ஆம் வருஷச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசும் உரிமை மத்திய அரசிடம் இருந்தது. அந்த மக்களுக்கு நோட்டீஸ் இல்லை, ஆட்சேபிக்கத் தேதி இல்லை. வீட்டில் ஆள் செத்தவர்கள் செய்தியைப் பார்த்துத்தான் தங்கள் கேஸ் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள்.

நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 23, விதி 3பி என்று ஒன்று இருக்கிறது, 1976 திருத்தத்தில் வந்தது. பலர் சார்பாக நடக்கும் வழக்கில் கோர்ட் அனுமதி இல்லாமல் சமரசம் செல்லாது, அனுமதிக்கும் முன் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் முதற்கட்ட ஒப்புதலுக்கு நம்மிடம் இருக்கும் சொந்தக்காரன் இதுதான். போபாலில் இதைச் சொல்லித்தான் வாதாடினார்கள். அந்த விதி இங்கே நேரடியாகப் பொருந்தாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. மக்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை 1989 டிசம்பர் தீர்ப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மறு ஆய்வில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1991 அக்டோபர் 3 அன்று மறு ஆய்வில் கிரிமினல் வழக்குகள் திரும்ப உயிர் பெற்றன. தொகை மாறவில்லை.

செந்தில் என்றோ முருகன் என்றோ உங்கள் பெயர் எதுவாக இருந்தாலும், தம்பி, உங்கள் கேஸில் இரண்டு தடவை ஹியரிங் தள்ளிப் போனது உங்களுக்கு நோட்டீஸ் வரும் வழி அடைபடாமல் இருப்பதற்காக என்றால், அந்த வாய்தாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

மழைக்காலம்:

போபால் விவரம் எனக்குப் புதுசு சார். ஒரு சந்தேகம். இப்படி இழுத்துக்கொண்டே போனால் காலாவதி ஆகிவிடாதா? ஒப்புதல் மறுத்து, கிளாஸும் கலைந்துவிட்டால் நொய்யல்கரை தனியாகக் கேஸ் போட முடியுமா?

மதுரை வக்கீல்:

நல்ல கேள்வி. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் பைப் கேஸில் இதற்கு வழி சொல்லிவிட்டது. கிளாஸ் ஆக்‌ஷன் நிலுவையில் இருக்கும்வரை அதில் அடங்குகிறவர்களின் தனிக் கோரிக்கைக்குக் காலக்கெடு ஓடாமல் நிற்கும். கிளாஸ் கலைந்தாலோ, நீங்களாக விலகினாலோ, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். 2018இல் சைனா அக்ரிடெக் தீர்ப்பில் ஒரு வேலி போட்டார்கள்: அந்தச் சலுகை தனி வழக்குக்குத்தான், காலம் தாண்டிப் புதிதாக இன்னொரு கிளாஸ் ஆக்‌ஷன் போட உதவாது. அதனால் விலகும் எண்ணம் இருந்தால் மிச்சம் எத்தனை நாள் என்று அந்த ஊர் வக்கீலிடம் கணக்குப் போட்டுக்கொண்டு விலக வேண்டும்.

டாக்கெட் அக்கா:

தம்பி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், விலாசம். முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தால்தான் நோட்டீஸ் அனுப்பும் நிர்வாகியை ஜட்ஜ் நியமிப்பார். அதுவரை அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை. ஆகவே கிளாஸ் தரப்பு வக்கீலுக்கு எழுதுங்கள். அவர் பெயர், மெயில் எல்லாம் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். முழுப் பெயர், வேலை பார்த்த மாதங்கள், அப்போதைய விலாசம், இப்போதைய விலாசம். கோவை விலாசத்தில் பின்கோடையும் கைபேசி எண்ணையும் விடாதீர்கள், வெளிநாட்டுத் தபால் திரும்பிப் போவது பெரும்பாலும் அதனால்தான். திரும்பி வந்த கவர்களை நான் கையால் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒருவருடைய சம்பளம்.

இன்னொன்று. முதற்கட்ட ஒப்புதல் மனு போட்ட 10 நாளுக்குள் கம்பெனி மாநில, மத்திய அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து 90 நாள் ஆகாமல் இறுதி ஒப்புதல் கிடையாது, 2005ஆம் வருஷச் சட்டம். நாளைக்கே முதற்கட்ட ஒப்புதல் வந்தாலும் செக்குக்குக் குறைந்தது அரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். அக்கா சொன்ன மாதிரி பழைய உத்தரவைத் திறந்து பார்த்தோம். ஹியரிங்கை எடுத்ததற்குக் காரணம் ஜட்ஜ் கேட்ட இரண்டு கேள்விகள்: ஊரை விட்டுப் போனவர்களுக்கு நோட்டீஸ் எப்படிப் போகும், செக்கை மாற்றாதவர்களின் பணம் யாருக்குப் போகும். முதல் கேள்வி என்னைப் பற்றியதுதான். என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். வரியை இரண்டு முறை படித்தேன்.

வக்கீலுக்கு மெயில் போட்டேன், நான்காம் நாள் பதில் வந்தது. நேற்று முதற்கட்ட ஒப்புதல் ஆகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தபாலோடு மெயிலிலும் நோட்டீஸ் போக வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். விலகவும் ஆட்சேபிக்கவும் 60 நாள், அப்புறம் இறுதி ஹியரிங். குழுவில் சேலத்து நண்பர் ஒருவரின் மெயிலே மாறிவிட்டது, அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாடி வேலை அப்படியே நிற்கட்டும். ஹியரிங் தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவிட்டேன்.

டாக்கெட் அக்கா:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 60 நாளைப் பேனாவில் எழுதுங்கள், அது உத்தரவில் இருக்கிறது. இறுதி ஹியரிங்கைப் பென்சிலில். சேலத்து நண்பர் கிடைத்தால் அவர் வேலை பார்த்த மாதங்களையும் சேர்த்து அந்த வக்கீலுக்கே எழுதச் சொல்லுங்கள்.